பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: வாசிப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வரும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இங்கிலீஷில் கிராமர் வரவில்லை, எந்த கைடு வாங்கிக் கொடுக்கலாம்?” அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். கைடு வாங்குவதற்கு முன், பிள்ளை இதுவரை பார்த்திராத ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதை வாசித்துவிட்டு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், இலக்கணத்தில் இருப்பதாக நாம் நினைக்கும் குறை உண்மையில் வாசிப்பில் இருக்கிறது என்று பொருள். வாசிப்புக் குறையை இலக்கணப் பயிற்சியால் தீர்க்க முயல்வதுதான் நம் பள்ளிகளிலும் டியூஷன்களிலும் ஆண்டுதோறும் நடக்கிறது என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது.

வினாத்தாளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் அவை ஒரே தாளாக்கப்பட்டன. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பொதுத்தேர்வு நடைபெறாமல் போனதால், 2022ஆம் ஆண்டில்தான் மாணவர்கள் இந்தப் புதிய முறையில் முதன்முதலாகத் தேர்வெழுதினார்கள். நூறு மதிப்பெண்ணுக்கான அந்தத் தாளில் பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ளன. அவற்றில் ஒரு பொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் ஆறு. மற்றவை பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சொற்சுருக்கம், கூட்டுச்சொல், முன்னிடைச்சொல், காலம், இணைப்புச்சொல் முதலியவை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குதல், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குதல் போன்ற இலக்கண வினாக்களுக்கு ஆறு மதிப்பெண், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் ரோடு மேப்புக்கு இரண்டு. விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகியவற்றில் நான்கை எழுதினால் இருபது. இறுதியில் வரும் வாசித்தல் பகுதிக்கு எட்டு. பாடங்களோடு நேரடித் தொடர்பில்லாத இந்த வினாக்களை மட்டும் கூட்டினாலே நாற்பதைத் தாண்டுகிறது. அதாவது பிள்ளை முன்பின் பார்த்திராத ஆங்கிலத்தைத் தானாகவே புரிந்துகொண்டு, தானாகவே எழுத வேண்டிய பகுதி இந்தத் தாளில் கணிசமாக இருக்கிறது. நாமோ அதையும் மனப்பாடப் பகுதியாக மாற்றிவிட்டோம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடிதத்தை எழுதுகிறார்கள். விளம்பரத்துக்கு ஒரே கட்டம், ஒரே வாசகங்கள். பொருளின் பெயர் மட்டும் மாறுகிறது. படம் எதுவாக இருந்தாலும் பொருந்தக்கூடிய ஐந்து வரிகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிட்டு ஒரு குழுவைத் தனியே உட்காரவைத்து, மெமரி போயம், ரோடு மேப், படம், விளம்பரம் என்று உறுதியாகக் கிடைக்கும் மதிப்பெண்களை மட்டும் தேடிப் பயிற்சி கொடுத்து முப்பத்தைந்தைத் தொட வைக்கிறோம். இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடித்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை ஜூன் மாதத்தில் கையில் ஒப்படைக்கப்படும்போது, மார்ச் மாதத்துக்குள் அவனைத் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டிய கட்டாயத்தில் இருப்பவருக்கு வேறு வழி தெரிவதில்லை. ஆனால் அதே அணுகுமுறை நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் பரவிவிட்டது. தொண்ணூறு வாங்கிய மாணவி பதினோராம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்தை ஆங்கிலத்தில் திறந்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது, அந்தத் தொண்ணூறு எதற்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

இலக்கணப் பயிற்சி எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதற்கு ஒரே சான்று போதும். பிழை திருத்தும் வினாவில் ‘ஒன் ஆஃப் தி பாய்’ என்று கொடுத்தால், அதை ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ்’ என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சரியாகத் திருத்திவிடுவார்கள். அதே விடைத்தாளில் பக்கத்தைப் புரட்டிக் கடிதத்தைப் பாருங்கள், ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதியிருப்பார்கள். விதி தெரியாமல் இது நடப்பதில்லை. விதி வினாவோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. எழுதும் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இத்தகைய தொடர்களைச் சரியான வடிவில் பலமுறை வாசித்து, காதாலும் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தவறான வடிவம் எழுதும்போதே உறுத்தும். அந்த உறுத்தலைப் பயிற்சித் தாள்களால் உண்டாக்க முடியாது.

இலக்கணம் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை விதியாகக் கற்பிப்பது, எதை வாசிப்புக்கு விடுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறேன். அப்படிப் பிரிக்க நமக்குத் தமிழே மிகப் பெரிய துணை. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் இதே பிள்ளைகளுக்குச் செய்வினையும் செயப்பாட்டு வினையும், தன்கூற்றும் அயற்கூற்றும், தனி வாக்கியமும் தொடர் வாக்கியமும் கலவை வாக்கியமும் நடத்துகிறார். அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் அதே செய்திகளை, பிள்ளைகள் இதற்கு முன் கேள்வியே பட்டதில்லை என்பதுபோலத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ‘கண்ணன் கடிதத்தை எழுதினான்’ என்பது ‘கடிதம் கண்ணனால் எழுதப்பட்டது’ என்று மாறும்போது, ‘ஐ’ உருபு நீங்கி ‘ஆல்’ உருபு வருகிறது, வினையோடு ‘படு’ சேர்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். அந்த ‘ஆல்’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘பை’ வருகிறது என்று காட்டினால், பாதிப் பாடம் முடிந்துவிடும். ‘நான் நாளை வருகிறேன் என்றான்’ என்பது ‘தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்’ என்று ஆகும்போது ‘நான்’ ‘தான்’ ஆவதும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆவதும் ஆங்கிலத்திலும் அப்படியே நடக்கின்றன. வினையின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவது மட்டுமே ஆங்கிலத்தில் கூடுதலாக வருவது. அதை மட்டும் தனியாக எடுத்துப் பழக்கினால் போதும். ‘ஏழையாக இருந்தாலும் ஆனால் நேர்மையானவன்’ என்று தமிழில் யாரும் எழுதுவதில்லை என்று ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டால், ‘தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே ‘பட்’ போடும் பழக்கம் பிள்ளைகளிடம் விரைவில் மறைந்துவிடும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்கும் பள்ளிகள், பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கின்றன. அதில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. ‘எ’, ‘ஆன்’ ஆகியவற்றுக்குத் தமிழில் ‘ஒரு’ ஓரளவு துணை செய்யும். ‘தி’ என்பதற்கு நம்மிடம் இணையே இல்லை. நம் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டி வருபவை, ஆங்கில முன்னிடைச்சொற்களோ பெயருக்கு முன்னால் தனித்து நிற்பவை. தவிர, எந்த வினைக்கு எது வரும் என்பதற்கு அங்கே ஒழுங்கான விதியும் கிடையாது. சில இடங்களில் தமிழ் தவறான வழியையும் காட்டிவிடும். ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால்தான் பிள்ளைகள் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பது விதியாக மனத்தில் நிற்பதைவிட, கதைகளிலும் செய்திகளிலும் அடிக்கடி எதிர்ப்பட்டு நிற்பதே உறுதியானது. இவற்றுக்கெல்லாம் வாசிப்பைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை.

சொற்களுக்கும் இதே நிலைதான். பாடத்தின் ஓரத்தில் இருக்கும் சொற்பொருளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நாள்தோறும் பத்துச் சொற்களை ஒப்பிக்கச் செய்வது நம் வழக்கம். தேர்விலோ சொல்லைத் தனியாகக் கேட்பதில்லை, ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டுக் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடத்தில், பறக்க அஞ்சி மலைவிளிம்பில் ஒட்டி நிற்கும் கடற்பறவைக் குஞ்சு ஒன்று வருகிறது. அதன் அண்ணன் தன் முதல் மீனைப் பிடித்துப் பாறைமேல் நின்றபடி ‘டிவௌர்’ செய்தது என்றும், பெற்றோர் பெருமிதத்தோடு கத்திக்கொண்டு சுற்றிப் பறந்தன என்றும் அங்கே எழுதியிருக்கிறது. மீன், முதல் வேட்டை, பெற்றோரின் மகிழ்ச்சி ஆகிய இத்தனையும் தெரிந்த பிறகு, அந்தச் சொல் ஆசையோடு விழுங்கித் தின்பதைக் குறிக்கிறது என்பதை அகராதி இல்லாமலே பிள்ளையால் ஊகிக்க முடியும். ஊகிக்க அரை நிமிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பொருளைச் சொல்லிப் பாருங்கள். தானே தேடிப் பிடித்த சொல் எளிதில் மறப்பதில்லை.

வாசித்தல் பகுதிக்கு நம் பிள்ளைகள் கையாளும் முறையை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அந்தச் சொல் இருக்கும் வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். ‘எங்கே’, ‘எப்போது’ என்ற கேள்விகளுக்கு இது பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுவதால், வாசிக்கத் தெரியாததே வெளியில் தெரிவதில்லை. ‘ஏன்’ என்ற கேள்வி வரும்போது, விடை இரண்டு வாக்கியங்களுக்கு இடையே இருக்கும்போது, இந்த முறை விழுந்துவிடுகிறது. இதற்கு நான் கையாண்ட வழி மிக எளிது. பத்தியை ஒருமுறை வாய்விட்டும் ஒருமுறை மௌனமாகவும் வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். விட்டுப்போனதைத் தேடி மறுபடியும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்விகள். விடையை ஆங்கிலத்தில் சொந்த வாக்கியமாக, சிறியதாக இருந்தாலும் சரி, பிழை இருந்தாலும் சரி, எழுத வேண்டும். திருத்திய பிறகு தன் பிழைகளை மட்டும் ஒரு தனி நோட்டில் சரியான வடிவோடு குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அரையாண்டுக்குள் அந்த நோட்டு அந்தப் பிள்ளைக்கென்றே எழுதப்பட்ட இலக்கணப் புத்தகமாகிவிடும். கடையில் விற்கும் எந்த கைடும் அதற்கு ஈடாகாது. நாளுக்கு அரைமணி நேரம் போதும். டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளும் நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்யலாம். அவர்களை நினைத்தே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எதை வாசிப்பது என்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கான கதையை வாசிப்பதில் எந்த இழிவும் இல்லை. சரளமாக வாசிக்கக்கூடிய நிலையிலிருந்துதான் மேலே ஏற முடியும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக, கட்டணமின்றி, ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து வெளிவரும் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். கிளை நூலகங்களில் ஆங்கில நாளிதழ் போடுகிறார்கள். விளையாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். நேற்றுப் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், தெரியாத சொற்கள் அவனை அச்சுறுத்துவதில்லை.

தேர்வு நாளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வினாத்தாளை வாசிக்கக் கொடுக்கப்படும் முதல் பத்து நிமிடங்களைப் பல பிள்ளைகள் தெரிந்த பாட வினா வந்திருக்கிறதா என்று தேடுவதிலேயே செலவழிக்கிறார்கள். அந்த நேரத்தில் கடைசிப் பக்கத்துக்குச் சென்று வாசித்தல் பத்தியை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். மணிக்கணக்கில் எழுதிக் களைத்த பிறகு முதன்முதலாக அதைப் பார்ப்பதற்கும், ஏற்கெனவே அறிமுகமான ஒன்றுக்குத் திரும்பி வருவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் வடிவமைப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் எண்பது மதிப்பெண்ணில் இருபது வாசிப்புக்கென்று ஒதுக்கப்பட்டு, முன்பின் பார்த்திராத இரண்டு பத்திகள் கொடுக்கப்படுகின்றன. நம் தாளில் நூற்றுக்கு எட்டுதான். தேர்வில் எதற்கு மதிப்பெண் இருக்கிறதோ அதுதான் வகுப்பறையில் நடக்கும். பாடப்புத்தகத்தில் உள்ள கேட்டல் பயிற்சிகளைப் பெரும்பாலான பள்ளிகள் தாண்டிச் செல்வதற்கும் அதுவே காரணம். உரைநடைக்கும் செய்யுளுக்கும் கேட்கப்படும் நான்கு பத்தி வினாக்களில் இரண்டைக் குறைத்து, அந்தப் பத்து மதிப்பெண்ணை இன்னொரு வாசித்தல் பத்திக்குக் கொடுக்கலாம். பொதுத்தேர்வை மாற்றக் காலம் பிடிக்கும் என்றால், பள்ளி அளவில் நடத்தும் இடைப்பருவத் தேர்வுகளிலிருந்து தொடங்கலாம். எந்த கைடிலும் இல்லாத ஒரு பத்தியை ஆசிரியரே தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ‘ஏன்’ என்று தொடங்கும் இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.