அறிக்கை வருவதற்குள் வதந்தி வந்துவிட்டது

ஒவ்வொரு நிலச்சரிவுக்குப் பிறகும் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்து, 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் எழுதினார்கள். "இந்த மலையைக் காக்க வேண்டும் என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் அன்றைக்கே சொன்னாரே, கேட்டீர்களா?" என்று கேட்டார்கள். நான் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துக்காரன். வயநாடு எங்களுக்கு வேறு மாநிலமாக இருந்தாலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தூரம்தான். அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காட்கில் சொன்னதை அந்த மலைக்குப் போய், அந்த மக்களின் மொழியில், உரிய காலத்தில் சொன்னவர்கள் யார்?

நடந்ததைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்கில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2011 ஆகஸ்ட் இறுதியில் குழு அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அமைச்சகம் அதை வெளியிடவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார், மறுத்தார்கள். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. அதை எதிர்த்து அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அங்கும் தோற்று, மே மாதத்தில்தான் இணையதளத்தில் ஏற்றியது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், அத்தனையும் ஆங்கிலத்தில். கருத்துச் சொல்ல மக்களுக்குக் கொடுத்த அவகாசமோ சில வாரங்கள்.

பொது மக்களின் பணத்தில், அவர்கள் வாழும் மலையைப் பற்றி எழுதிய அறிக்கை அது. அதை அவர்கள் கண்ணில் காட்டாமல் காப்பாற்ற ஓர் அரசுத் துறை வழக்காடியிருக்கிறது. இதை மறந்துவிட்டு விழிப்புணர்வைப் பற்றிப் பேசுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அறிக்கை பூட்டிக் கிடந்த மாதங்களில் ஊர்கள் சும்மா இருக்கவில்லை. வீடு கட்ட முடியாது, பட்டா கிடைக்காது, எல்லாரையும் காலி செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு தேநீர்க் கடைகளுக்கும் தேர்தல் மேடைகளுக்கும் வந்து சேர்ந்தது. குவாரிக்காரர்களுக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. காட்கில் குழு மலையை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, சூழல் முக்கியத்துவத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தது. பிறகு தாலுகா வாரியாக மூன்று மண்டலங்களில் அடக்கியது; முதல் மண்டலத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். சாதாரண விவசாயிக்கு எட்டியது அந்தத் தாலுகாப் பட்டியல் மட்டும்தான். தன் தாலுகாவின் பெயர் முதல் மண்டலத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த மண்டலத்தில் தன் வீட்டுக்கும் வாழைக்கும் இஞ்சிக்கும் என்ன ஆகும் என்று சொல்ல யாரும் வரவில்லை.

அறிக்கையில் உண்மையில் இருந்தது என்ன? முதல் மண்டலத்தில் புதிய சுரங்கங்கள் கூடாது, பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகக் கைவிட வேண்டும், செங்குத்தான சரிவுகளில் ஆண்டுப் பயிர்களைக் குறைத்து நீண்ட காலப் பயிர்களுக்கு மாற வேண்டும், மண்ணின் வளத்தைக் கூட்டும் விவசாயிக்கு ஊக்கத்தொகை தர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மண்டலங்கள் தற்காலிகமானவை, கிராம சபைகள் வரை கொண்டுபோய் விவாதித்துத்தான் இறுதி செய்ய வேண்டும் என்று குழுவே சொல்லியிருந்தது. மக்களைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்று சொன்ன ஓர் அறிக்கை, மக்களைக் கேட்காமல் திணிக்க வந்த அறிக்கையாக ஊருக்குள் அறிமுகமானது. இதைவிடப் பெரிய அநியாயம் ஓர் ஆய்வுக்கு நேர முடியாது.

அடுத்து, காட்கில் அறிக்கையை மறுபரிசீலனை செய்ய விண்வெளி அறிவியலாளர் கஸ்தூரிரங்கன் தலைமையில் ஒரு குழு வந்தது. மலைப் பரப்பில் சுமார் 37 சதவீதத்தை மட்டும் பாதுகாக்க எடுத்துக்கொண்டது. அதில் கேரளத்தில் 123 கிராமங்கள். 2013 நவம்பரில் அதை ஒட்டி உத்தரவு வந்ததும் மலை மாவட்டங்கள் கொந்தளித்தன; தாமரசேரியில் வனத்துறை அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பயம் வெறும் அறியாமை அல்ல. எங்கள் கூடலூரில் ஜென்ம நிலச் சிக்கலால், அதாவது பழைய ஜென்மிகளின் உரிமையில் இருந்த நிலம் யாருக்கு என்பது தீராததால், தலைமுறை தலைமுறையாகப் பட்டா இல்லாமல் வாழ்கிறவர்கள் எத்தனை குடும்பங்கள்! இவர்களிடம் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று ஒரு அதிகாரி சொன்னால் அவர்கள் காதில் விழுவது 'வெளியேறு' என்பதுதான். இந்த அனுபவத்தை அறியாமல் அவர்களுக்கு அறிவியல் சொல்லப் போவது வீண் வேலை.

இதே கேரளத்தில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொன்று நடந்திருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் (சைலண்ட் வேலி) குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்ட மின்வாரியம் முனைந்தபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் எதிர்த்தது. மலையாளத்தில் அறிவியல் எழுத வேண்டும் என்பதற்காகவே 1962இல் தொடங்கிய அமைப்பு அது. காட்டைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத்தோடு பொறியாளர்களும் ஒரு பொருளியலாளரும் உட்கார்ந்து 1979இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். 'அணை இல்லையென்றால் மலபாருக்கு மின்சாரம் எப்படி வரும்?' என்ற மக்களின் கேள்விக்கு அதில் நேராகப் பதில் தேடினார்கள். பிறகு கூட்டங்கள், துண்டறிக்கைகள், கவிஞர்கள், தெரு நாடகங்கள். 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே யாருடைய பட்டாவும் ஆபத்தில் இல்லை என்பது உண்மை. ஆகவே வேலை எளிதாக இருந்தது என்று வாதாடலாம். என் கேள்வி வேறு. வேலை கடினமாக இருந்த இடத்தில் அதைவிட அதிகமாக அல்லவா உழைத்திருக்க வேண்டும்?

ஆராய்ச்சியாளர்கள் மக்களிடம் போவது எப்படி இருக்கும் என்பதற்கு வயநாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்பற்றாவில் இருக்கும் சூழலியல் ஆய்வு அமைப்பான ஹ்யூம் மையம், மாவட்டம் முழுக்க விவசாயிகள், தோட்டங்கள் ஆகியோரின் உதவியோடு 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. தன் நிலத்தில் தானே மழைமானியைப் படித்துக் குறிப்பவருக்கு, நேற்று 200 மில்லிமீட்டர் பெய்தது என்றால் அது வெறும் எண் அல்ல; இன்றும் இப்படியே பெய்தால் மேலேயுள்ள சரிவு தாங்குமா என்று அவரே கேட்பார். முண்டக்கைப் பேரிடருக்கு முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்ததாக அந்த மையத்தினர் சொன்னார்கள். அவர்கள் அளவெடுத்ததில் குறையில்லை. அளவுக்கும் ஆளை வெளியேற்றும் உத்தரவுக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்துபோனது. அதைச் சரிசெய்வதற்குப் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை.

முண்டக்கை சரிந்த மறுநாள், 2024 ஜூலை 31 அன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பகுதிகளைச் சூழல் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது என்ற வரைவு அறிவிக்கையை மத்திய அரசு ஆறாவது முறையாக வெளியிட்டது. மொத்தம் 56,825 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914. ஆட்சேபம் சொல்ல அப்போது கொடுத்த அவகாசம் 60 நாட்கள். நீலகிரியிலோ வால்பாறையிலோ கொடைக்கானல் மலையிலோ இருக்கிற எத்தனை பேருக்குத் தங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும்? இந்தப் பதிவைப் படிக்கிற மலைக்காரர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் மலைக்கு மாணவர்கள் வருகிறார்கள். மண் எடுக்கிறார்கள், பூச்சி எண்ணுகிறார்கள், பழங்குடி மூப்பரிடம் மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்கிறார்கள். பட்டமும் வாங்குகிறார்கள். கண்டுபிடித்ததைத் திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆய்வுக்கு நிதி கொடுக்கும்போதே அந்த ஊரில் தமிழில் ஒரு கூட்டம் நடத்தவும், நான்கு பக்கத் துண்டறிக்கை அச்சடிக்கவும் பணம் ஒதுக்குங்கள். அதற்கான செலவு ஒரு கருத்தரங்கின் மதிய உணவுக்கு ஆவதைவிடக் குறைவுதான்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் எங்கள் ஊராட்சியில் இரண்டு கோரிக்கைகளை எழுத்தாகக் கொடுக்கிறேன். வரைவு அறிவிக்கையில் நம் கிராமம் இருக்கிறதா என்பதைத் தமிழில் வாசிக்க வேண்டும்; இருந்தால் வீடு, விவசாயம், சாலை, குவாரி ஆகியவற்றுக்கு அதன் பொருள் என்ன என்று விளக்க ஒரு அலுவலரும் ஒரு நிலவியலாளரும் நேரில் வர வேண்டும். உங்கள் ஊராட்சியிலும் கொடுக்க விரும்புகிறவர்கள் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன்.