எந்தக் கோப்பைத் திறந்தாய் என்று சொல்லித் தொலையேன்!

"வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் ஒரு செய்தி வரும். மூடிவிட்டுத் திறந்தால் சேமித்தது ஒன்றும் இருக்காது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, லாகில் (நிரல் எழுதி வைக்கும் பதிவேட்டில்) ஒரு வரி கூடக் கிடையாது. டெஸ்க்டாப் அப்ளிகேஷனோடு டேட்டாபேஸ் கோப்பை இணைத்து வேலை செய்கிற எவரும் ஒருநாள் இங்கே வந்து மாட்டத்தான் செய்வார்கள். வந்து, கமிட் பண்ணினோமா (எழுதியதை உறுதிசெய்தோமா), டிரான்ஸாக்‌ஷனை ஒழுங்காக முடித்தோமா என்று, டேட்டாவை உள்ளே சேர்க்கிற இன்செர்ட் வரியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவம், அந்த இன்செர்ட் மேல் ஒரு குற்றமும் இருக்காது. அது எழுதத்தான் செய்தது. வேறொரு கோப்பில்.

என் வயிற்றெரிச்சலே இதுதான். தான் திறந்தது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிற கோப்பு என்று அந்த நிரலுக்கு முழுசாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாயைத் திறக்காது.

நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் ஒரு எம்டிஎஃப் கோப்பை (மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் கோப்பு) ப்ராஜெக்டில் சேர்த்தால், பில்ட் செய்யும்போது, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றும்போது, அதன் நகல் 'bin' என்கிற ஃபோல்டருக்குள் போய்விடும். நிரல் எழுதுவது நகலில். நாம் விஷுவல் ஸ்டுடியோவின் சர்வர் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு "எங்கேடா என் டேட்டா" என்று தேடுவது பெரும்பாலும் அசலில். நகலெடுக்கும் அமைப்பு 'காப்பி ஆல்வேஸ்' என்று இருந்தால் இன்னும் விசேஷம், அடுத்த பில்டில் அசல் வந்து நகலை அழித்து எழுதிவிடும், நேற்று உள்ளிட்டதெல்லாம் அதோடு காலி. சரி, 'காப்பி இஃப் நியூயர்' என்று மாற்றினால்? எம்டிஎஃபுக்கு ஒரு கனெக்‌ஷனைத் திறந்தாலே போதும், டேட்டா எதுவும் மாறாவிட்டாலும் கோப்பின் தேதி மாறிவிடலாம். அதனால் எம்டிஎஃபுக்கு அந்தத் தேர்வு வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றால் பட்டியலில் அதை ஏன் காட்டுகிறாய்?

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர் மேசையோடு போயிற்று. இன்ஸ்டால் பண்ணின பிறகு கேளுங்கள். டேட்டாபேஸ் எங்கே என்று நிரலுக்குச் சொல்கிற கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் 'டேட்டாடைரக்டரி' என்று போட்டுவிட்டு வேறெதுவும் சொல்லாமல் விட்டால், அது நிரலின் எக்ஸிஇ கோப்பு இருக்கிற ஃபோல்டரையே குறிக்கும். அது ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. "அனுமதி இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் கூடப் பரவாயில்லை. மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியோடு ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் நிரல் என்றால் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது: அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் அந்தப் பயனரின் 'வர்ச்சுவல் ஸ்டோர்' ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஒரே கணினி, ஒரே ஐகான், லாகின் செய்கிற இரண்டு பேருக்கும் வேறு வேறு டேட்டா. இருவரும் சத்தியம் பண்ணுவார்கள், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்!

தனி சர்வர் வேண்டாத எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கு மாறிவிட்டால் நிம்மதி என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பாதையில் ஒரு எழுத்து தப்பினால், கோப்பு இல்லையே என்று அது வழக்கமாகக் கேட்காது. காலியாகப் புதிதாய் ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். இன்னொரு கோப்பைச் சேர்த்து இணைக்கிற அட்டாச் கட்டளைக்கும் இதே கதி. அப்புறம் "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று நம்மிடமே புகார் சொல்லும். பாதையை முழுசாகக் கொடுக்காமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், ஷார்ட்கட்டில் 'ஸ்டார்ட் இன்' (நிரல் எந்த ஃபோல்டரில் தொடங்கும் என்ற அமைப்பு) என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலி டேட்டாபேஸ் முளைத்திருக்கும். புதிதாய் எழுதுவதை முதலில் தனிக் கோப்பில் வைக்கிற வால் (WAL) முறையில் ஓடுகிற டேட்டாபேஸ் என்றால், நிரல் திறந்திருக்கும்போது முதன்மையான டிபி கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்து "பேக்கப் எடுத்துட்டேன்" என்று நடையைக் கட்டுகிறவர்கள், கடைசியாக எழுதிய விவரங்களைப் பக்கத்தில் இருக்கும் வால் கோப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிழைச் செய்தி வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? கோப்பை இணைக்கும்போது எஸ்க்யூஎல் சர்வர் காட்டுகிற 15350-ஆம் எண் பிழையைப் படித்துப் பாருங்கள்: அதே பெயரில் இன்னொரு டேட்டாபேஸ் இருக்கிறது, அல்லது கோப்பைத் திறக்க முடியவில்லை, அல்லது அது நெட்வொர்க் பகிர்வில் இருக்கிறது. கதவைத் தட்டினால் உள்ளிருந்தே "வீட்டில் ஏற்கனவே ஒருத்தர் இருக்கிறார், இல்லாவிட்டால் சாவி இல்லை, இல்லாவிட்டால் இது வேறு தெரு" என்று பதில் வருவது மாதிரி. மூன்றில் எது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

5120-ஆம் எண் பிழை இன்னொரு ரகம். அனுமதி மறுப்பு என்கிறது, யாருக்கு என்று சொல்லாது. கோப்பு என் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது, நான் அட்மின், எனக்கு என்ன மறுப்பு? எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் கோப்பைத் திறப்பது நீங்கள் அல்ல, பின்னால் ஓடுகிற சர்வீஸின் பயனர் கணக்கு, அதற்குத்தான் அனுமதி இல்லை. இது புரியாமல் ஊருக்கே 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று போகிறவர்கள்தான் அதிகம். 948-ஆம் எண் பிழை மட்டும் கொஞ்சம் நேர்மையானது, பதிப்பு எண்ணையாவது சொல்கிறது: கோப்பின் பதிப்பு 782, இந்த சர்வருக்குத் தெரிந்தது 706 வரைதான். அதாவது எஸ்க்யூஎல் சர்வர் 2014-இல் ஒருமுறை இணைத்த கோப்பு எஸ்க்யூஎல் சர்வர் 2012-க்குத் திரும்பாது. இணைக்கும்போதே வடிவம் மாறிவிடும், பின்னால் வர வழியே இல்லை.

இவ்வளவுக்கும் கேட்டால் பதில் கிடைக்காத விஷயமா இது? எஸ்க்யூலைட்டில் 'ப்ராக்மா டேட்டாபேஸ் லிஸ்ட்' என்று ஒரு வரி, இணைந்திருக்கும் ஒவ்வொரு கோப்பின் பாதையும் வந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் 'சிஸ் டேட்டாபேஸ் ஃபைல்ஸ்' பட்டியலில் 'ஃபிசிக்கல் நேம்' என்று ஒரு நெடுவரிசையே இருக்கிறது. அப்ளிகேஷன் எழுதுகிற மகராசன்களே, அபவுட் விண்டோவில் உங்கள் லோகோவுக்குப் பாதி இடம் ஒதுக்குகிறீர்களே, அதற்குக் கீழே இந்தப் பாதையை ஒரு வரியில் காட்டினால் என்ன குறைந்துவிடும்?