கிளட்ச் ஹவுசிங் துளையை அடைக்க வேண்டாம்

பழைய மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டரில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளை வழியே ஆயில் சொட்டினால், அதில் ஒரு போல்ட்டைத் திருகி எம்சீல் வைத்து அடைத்தால் போதும் என்று சிலர் சொல்வது தவறு. அந்தத் துளை தேய்மானத்தால் வந்ததன்று. உள்ளே கசியும் ஆயில் வெளியேறவே வைக்கப்பட்டது. அதில் தளர்வாகத் தொங்கும் ஸ்பிளிட் பின்கூட, அதிர்வில் ஆடி ஆடிச் சேறு அடைக்காமல் காப்பதற்காகத்தான். துளையை அடைத்தால் கசிவு நிற்காது. ஆயில் உள்ளேயே தேங்கி, கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கை நனைத்து, சுமை ஏறும்போது கிளட்சை வழுக்கச் செய்யும். ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காப்பாற்றலாம் என்பதும் பெரும்பாலும் வீண் நம்பிக்கையே.

சொட்டும் ஆயிலை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது எஞ்சின் ஆயில். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். தேன் நிறத்திலோ பால்போல் கலங்கியோ இருந்தால் அது கியர்பாக்ஸ் ஆயில். கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் செல்லும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் சீலைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டியில் ஹைட்ராலிக்கும் அதே ஆயிலைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், அளவு குறைந்தால் பின்னால் கருவிகளைத் தூக்கும் லிஃப்ட்டும் தடுமாறும்.

எந்த சீலை மாற்றுவதானாலும் வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். எஞ்சின் ஆயில்தான் என்றால், அந்தச் செலவுக்கு முன் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க் கேஸ் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் கூடி, நல்ல சீலும் கசியும்.