ராணி அழட்டும், நான் பன்றி அடிக்கிறேன்

ஆன்லைன் கேம் ஒன்றில் வீரனாகக் கதைக்குள் போகிறேன். கோட்டைக்குள் எதிரிப் படை நுழைந்தாச்சு. "ஒரு நொடியும் தாமதிக்காதே வீரா!" என்று ராணி அழுகிறாள். சரி, போவோம் என்று பார்த்தால் கீழே சிவப்பில் ஒரு வரி: லெவல் 34 வேண்டும். நான் இருப்பது 31. ராணியை அழவிட்டுவிட்டு, லெவல் ஏற காட்டுப்பன்றி அடிக்கப் போக வேண்டியதுதான்.

இந்தக் கூத்தை ஹட்டனில் இருந்து ஆடிப் பாருங்கள். இரவில் மட்டும் ஓடும் நைட் டேட்டா தொடங்குவதே பன்னிரண்டு மணிக்கு மேல். வெளியே அடைமழை, சிக்னல் ஒரே கோடு. ஓடுகிற பன்றி அப்படியே உறைந்து நிற்கும். லைன் திரும்பும்போது செத்துக் கிடப்பது நான். ஒருவழியாக லெவல் ஏறி முடிகையில், காட்டிக்கொடுத்த தளபதி யார், ராணிக்கு அவன் அண்ணனா மாமனா, ஒன்றும் ஞாபகமில்லை.

சரி, கிளைக் கதைகளை எல்லாம் முடித்துவிட்டே போவோம் என்றால் லெவல் எகிறிவிடுகிறது. வில்லன் வசனம் பேச வாயெடுக்கு முன் இரண்டே வெட்டில் காலி.

லெவல் கதையை மறிக்காமல் கேம் செய்வது முடியாத காரியமா? எந்த லெவலிலும் எந்தப் பகுதிக்கும் போகலாம் என்று எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற கேம் 2016இலேயே மாற்றிவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமும் 2020இல், 120 ஆக இருந்த உச்ச லெவலைச் சுருக்கி, ஒரே விரிவாக்கத்தின் (கேமோடு பிறகு சேர்க்கும் புதுக் கதைத் தொகுப்பின்) கதையோடு 10இல் இருந்து 50 வரை ஏற வழி விட்டது.

பண்டாரவளைக் கூட்டாளி சொல்கிறான், "கதையை ஸ்கிப் பண்ணிட்டுப் போ மச்சான்." அதுக்குக் கெரம் ஆடலாமேடா!