துருவைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

பழைய காரை வாங்கி ரீஸ்டோர் செய்து புதுசுபோல் ஆக்க நினைப்பவர்களின் குரூப்களில் ஒரே மாதிரி விளம்பரம் அடிக்கடி வரும். நாலு டயரும் காற்றிறங்கி, பானெட் மேல் இலைச்சருகு மூடிக் கிடக்கும் ஒரு பத்மினி. இல்லையென்றால் ஒரு கான்டெஸா. "ஆர்.சி. இருக்கு, கொஞ்சம் வேலை இருக்கு, நிஜமா வாங்குறவங்க மட்டும் பேசவும்." கமென்ட்டில் கேள்விகள் குவியும். ஃப்ளோர் எப்படி? எஞ்சின் ஜாமா? கண்ணாடி ஒரிஜினலா? ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், இருப்பது யார் பெயர், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பவரைத் தேடத்தான் வேண்டும்.

துருப்பிடித்த ஃப்ளோரை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். ஜாம் ஆன எஞ்சினைப் பிரித்து, போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றலாம். காசும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலைகள். ஆர்.சி. ஓனர் இறந்துபோய், மூன்று வாரிசுகளில் இருவர் முகம் கொடுத்துப் பேசாத காரை எந்த டிங்கராலும் சரிசெய்ய முடியாது. அதனால் கறாராகவே சொல்கிறேன்: பெயர் மாறாத காரைப் பிரித்துப் போடாதீர்கள்.

ஓடுகிற செகண்ட் ஹேண்ட் காரை வாங்குபவர் மறுநாளே ரோட்டில் இறக்குகிறார். பேப்பரில் சிக்கல் இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். ரீஸ்டோர் செய்ய வாங்கும் கார் ஷெட்டில் இரண்டு வருடம், மூன்று வருடம் கிடக்கும். "வேலை முடியட்டும், அப்புறம் பேர் மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். அதற்குள் விற்றவர் வீடு மாறிவிடுவார், போன் நம்பர் மாறிவிடும், ஆர்.சி. காலம் முடிந்துவிடும், கடன் பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி. (ஆட்சேபனையின்மைச் சான்று) காலாவதியாகிவிடும். நீங்கள் லட்சக்கணக்கில் கொட்டி முடிக்கும்போதும் பதிவேட்டில் அது இன்னொருவர் கார்தான். பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்ததும் அந்த இன்னொருவருக்கோ அவர் மகனுக்கோ பழைய பாசம் வந்துவிடும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் ஃபார்ம் 29, ஃபார்ம் 30. நடைமுறை வேறு. தேதி போடாத, வாங்குபவர் பெயர் எழுதாத 29-லும் 30-லும் பழைய ஓனரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, காரோடு சேர்த்து அதையும் கைமாற்றி விடுகிறார்கள். நாலு புரோக்கர் கை தாண்டி மஞ்சள் பூத்து வரும் அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இப்போது பெயர் மாற்றம் வாகன் என்ற அரசு இணையதளத்தில்தான் தொடங்குகிறது, ஓ.டி.பி. பதிவில் உள்ளவரின் மொபைலுக்குப் போகும். கையெழுத்து இருந்தும் ஆள் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றாமல் விட்ட இடையாட்கள் எத்தனை பேர் இருந்தாலும் நீங்கள் தேட வேண்டியது ஆர்.சி.யில் உள்ளவரைத்தான்.

அவரைக் கண்டுபிடித்தபின் "எப்பவோ வித்தாச்சு, என்னை விடுங்க" என்பார். அப்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பை ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் வைத்தது. பெயரை மாற்றிக் கொடுப்பது உங்களைவிட அவருக்குத்தான் லாபம். இதைப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டு. பிறகு ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். மரத்தடியில் கிடக்கும் காருக்கு இது எப்போதோ முடிந்திருக்கும். காலம் முடிந்த ஆர்.சி.யில் பெயர் மாற்றம் நகராது. முதலில் புதுப்பிக்கச் சொல்வார்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் கார் ஓடிக் காட்ட வேண்டும். அதுவும் பழைய ஓனர் பெயரில்! ஆக, கார் ஓடினால்தான் உங்கள் பெயருக்கு வரும். உங்கள் பெயருக்கு வராத காரில் காசு போடுவது ஆபத்து.

இதற்கு வழி, வேலையின் வரிசையை மாற்றுவதுதான். பாடி, பெயின்ட், சீட் எதையும் தொடாதீர்கள். கார் பாதுகாப்பாக ஓடி நிற்க என்ன தேவையோ அதை மட்டும் முதலில் செய்யுங்கள். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் கிட் மாற்றி, பிரேக் ஹோஸ் புதிதாகப் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடிக்க வையுங்கள். டேங்கைக் கழுவி கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால்தான் புகைச் சான்றிதழுக்கு எஞ்சின் சீராக ஐடிலிங் நிற்கும். ஹெட்லைட் டிம்மும் பிரைட்டும், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் வேலை செய்ய வேண்டும். டயரும் ஸ்டியரிங் ஆட்டமும் கண்ணில் படும் சமாச்சாரம். கூடவே தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். இந்தச் செலவு எப்படியும் செய்ய வேண்டியதுதான், வீணாகாது. பதிவைப் புதுப்பித்து, பெயரை மாற்றி, ஆர்.சி. கைக்கு வந்தபிறகு காரை முழுசாகப் பிரியுங்கள்.

கட்டணத்தையும் விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு அது 10,000 ஆனது. இறக்குமதி செய்த கார் என்றால் 20 ஆண்டுக்கு மேல் 80,000. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. ஐந்து வருடம் விட்டிருந்தால் அதுவே 30,000. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். 40,000 ரூபாய் கார் என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி சேசிஸ் எண், அதாவது காரின் உடம்பில் பொறித்த அடையாள எண். இதில் அவசரப்படவே கூடாது. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பேப்பர், வாகன் பதிவு, காரில் பொறித்த எண் நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிந்தைய கார்களில் எண் 17 இலக்கம். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, இருந்தால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் அல்லது தப்பு செய்திருக்கிறார்கள். அம்பாசடர், பத்மினி காலத்துக் கார்களில் எண் சின்னது. கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகத்திலிருந்து கணினியில் ஏற்றும்போது ஓர் இலக்கம் பிசகியிருப்பது சகஜம். இந்தப் பிழையைத் திருத்த மனு கொடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் விற்பவர் பெயரில் இருக்கும்போதே, அவர் கையெழுத்தில் செய்யச் சொல்லுங்கள்.

காரில் உள்ள எண்ணை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி கிரைண்டர் கோடு, வெல்டிங் தையல், அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயின்ட், ஒன்றுக்கொன்று ஆழம் மாறும் இலக்கங்கள் இருந்தால் அங்கேயே விடைபெறுங்கள். விபத்தில் டோட்டல் லாஸ் ஆன, அதாவது சரிசெய்ய முடியாது என்று ஒதுக்கிய காரின் பேப்பரை வாங்கி, அதே மாடலில் திருடிய காரில் அந்த எண்ணை வெட்டி ஒட்டுவது பழைய தொழில். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இது இலவசமான பத்து நிமிட வேலை. திருட்டு கார் என்று தெரியாமல் வாங்கினாலும் கார் உங்களுக்குச் சொந்தமாகாது: விற்றவரிடம் இல்லாத உரிமை உங்களுக்கு வராது என்பது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு.

எண் சுத்தமாக இருந்தாலும் நம் டிங்கரே அதைக் கொன்றுவிடலாம். மாருதி 800-இல் எண் ஃபயர்வாலில் இருக்கிறது. ஜீப்பில் சேசிஸ் ஃபிரேமிலேயே பொறித்திருக்கும். மணல் அடித்து துரு எடுக்கும்போது மேலோட்டமாக இருக்கும் எண் மங்கும், பவுடர் கோட்டிங் அதை நிரப்பிவிடும், துருப்பிடித்த தகடு என்று அந்தத் துண்டையே வெட்டி எறிபவரும் உண்டு. வேலை தொடங்கும் முன் போட்டோ, வீடியோ எடுத்து, எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து பென்சில் பிரிண்ட் நான்கைந்து எடுத்து வைத்து, அந்த இடத்தைத் தடித்த டேப்பால் மூடிவிட்டுக் காரை ஒப்படையுங்கள். துரு தின்று படிக்க முடியாமல் போன எண்ணை நீங்களாகப் பஞ்ச் அடிக்காதீர்கள். ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, அவர்கள் சொல்லும் முறையில்தான் அடிக்க வேண்டும். நல்ல நோக்கத்தில் அடித்திருந்தாலும் வெளியே பார்ப்பவருக்கு மோசடிதான்.

எஞ்சின் எண்ணும் அப்படியே. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏற்றியது, வேறு காரின் எஞ்சின் மாட்டியது எல்லாம் சர்வசாதாரணம். 52-வது பிரிவுப்படி மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பில் கேளுங்கள். கலரும் ஆர்.சி.யில் இருக்கும் விவரம்தான்; நீலக் காரைச் சிவப்பாக்கும் ஆசை இருந்தால் ஆபீஸில் முன்கூட்டியே பேசுங்கள்.

அடுத்து ஹெச்.பி., அதாவது கார் மேல் வாங்கிய கடன் ஆர்.சி.யில் பதிவான விஷயம். ஆர்.சி.யின் பின்பக்கம் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் பெயர் இருக்கும்; "அது எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்பார்கள். கட்டி முடித்தது வேறு, ஆர்.சி.யில் நீக்கியது வேறு. ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வேண்டும். வங்கி வேறொன்றில் இணைந்திருந்தால் இணைந்த வங்கியில் கேட்டு வாங்கலாம். மூடிப்போன தனியார் ஃபைனான்ஸ் என்றால் அதிகாரப்பூர்வ கலைப்பாளர், கோர்ட் என்று இழுக்கும். அந்தக் காரை நான் எந்த விலைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஓனர் இறந்திருந்தால் தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஃபார்ம் 31. முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாறி, பிறகு 29, 30 வழியாக உங்களுக்கு வர வேண்டும். "அப்பா கார், நான்தான் பார்த்துக்கறேன்" என்று மூத்த மகன் மட்டும் கையெழுத்திட்டு விற்பது செல்லாது. தங்கை ஆட்சேபம் சொன்னால் போதும்.

வெளிமாநிலக் கார் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் ஃபார்ம் 28 என்.ஓ.சி. முதலில் கைக்கு வரட்டும். டெல்லிக் கார்கள் மலிவாக வருவதற்குக் காரணமே அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற வரம்புதான். பதிவு ரத்தான நிலையில் உள்ளதை லாரியில் ஏற்றி வந்துவிட்டு இங்கே முட்டி மோதுபவர்கள் இருக்கிறார்கள். வாகன் தளத்தில் நிலவரம் 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா, சலான் பாக்கி எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏலத்தில் அரசு ஜீப் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு: 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டும். முன்னாள் ராணுவ வண்டி என்றால் அதிகாரிகள் தந்த ஃபார்ம் 21 விற்பனைச் சான்றிதழின் அசல் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். இறக்குமதிக் காருக்கு பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க ஆவணம் வேண்டும். தூதரகக் கார் என்றால் சுங்கவரி கட்டிய ரசீதும்.

"50 வருஷம் ஆயிடுச்சு, விண்டேஜ்ல போட்டுக்கலாம்" என்ற பேச்சும் உண்டு. 2021 ஜூலை விதி வந்தபிறகு 'வி.ஏ.' வரிசையில் 20,000 ரூபாய்க்குப் பத்து ஆண்டுப் பதிவு கிடைக்கிறது, உண்மைதான். அதற்கும் ஏற்கெனவே பதிவான காருக்குப் பழைய ஆர்.சி. கேட்கிறார்கள். பேப்பர் இல்லாத காருக்கு அது புறவாசல் கிடையாது. கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது.

பணம் கொடுக்கும் முறை: முழுத்தொகையை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஆர்.சி. ஓனரோடு நேரடியாக ஒப்பந்தம். அதில் சேசிஸ், எஞ்சின் எண், யார் எந்தக் கட்டணம் கட்டுவது, பெயர் மாறாவிட்டால் பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதெல்லாம் இருக்கட்டும். காரை எடுத்த தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் இருக்கட்டும். பேங்க் வழியாக மட்டும் பணம். மூன்றில் ஒரு பங்காவது பெயர் மாறிய ஆர்.சி. வரும்வரை உங்களிடம் நிற்கட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் உதிரிபாக விலை பேசுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

அப்படி உதிரிக்காக வாங்கினாலும் ஆர்.சி.யை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். கார் இனி ஓடாது என்று 55-வது பிரிவுப்படி பதிவை ரத்துசெய்ய ஓனரிடம் எழுதி வாங்கி ஒப்படையுங்கள். "பேப்பர் மட்டும் கொடுங்க, நல்ல விலை தர்றேன்" என்று ஒருவர் நிச்சயம் போன் பண்ணுவார். எதற்கென்று மேலே சொல்லியிருக்கிறேன்.