யோக்கிச் பெஞ்சில் இருக்கும் அந்தப் பதினொரு நிமிடம்

இந்த 2025 ஜூலையில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் டென்வர் நகெட்ஸ் செய்த வேலைகளுக்கு எல்லாரும் நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேமரன் ஜான்சன், யோனாஸ் வலன்சியூனஸ், டிம் ஹார்டவே ஜூனியர், திரும்பி வந்திருக்கும் புரூஸ் பிரவுன். நாலு பேரையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை ஏதோ மாயாஜாலம் மாதிரி கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கோடைகளில் நிர்வாகம் தானே போட்ட ஓட்டையை இப்போது அடைத்திருக்கிறார்கள். ஆபீஸில் ஆட்கள் மாறிவிட்டார்கள், முதலாளி அதே முதலாளி.

எந்த ஓட்டை? என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். நம் நட்சத்திர சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) நிக்கோலா யோக்கிச் போன சீசனில் சராசரியாக ஏறத்தாழ 37 நிமிடம் ஆடினார். 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (தவறிய எறிதலைக் கைப்பற்றுவது), 10.2 அசிஸ்ட் (கூடை போட வைக்கும் பாஸ்). இப்படி மூன்றிலும் பத்தைத் தொடுவதுதான் டிரிபிள் டபுள். ஒரு முழு சீசனுக்கும் அந்தச் சராசரி வைத்தவர்கள் அதற்கு முன் இரண்டே பேர்: ஆஸ்கர் ராபர்ட்சன், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். அந்த வெஸ்ட்புரூக்கும் போன வருடம் நம் அணியில்தான் இருந்தார். இவ்வளவு இருந்தும் 50 வெற்றி, மேற்குப் பிரிவில் நாலாவது இடம், இரண்டாவது சுற்றோடு மூட்டை கட்டியாயிற்று. காரணம் மீதி இருக்கிற பதினொரு நிமிடம். யோக்கிச் ஆடும்போது லீக்கின் தலைசிறந்த அணிகளில் ஒன்றாக இருக்கிற நகெட்ஸ், அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் கடைசி இடத்து அணி போல ஆடும். பதினைந்து புள்ளி முன்னிலையில் விட்டுவிட்டுப் போவார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது அது நாலாகியிருக்கும். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புதிதில்லை.

2023இல் கோப்பை வென்ற அணிக்கு இந்த நோய் இவ்வளவு மோசமாக இல்லை. அந்த வருடம் பெஞ்சிலிருந்து புரூஸ் பிரவுன் வந்தார். மயாமிக்கு எதிரான இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டம், இங்கே சனிக்கிழமை காலை. வெளியூர் மைதானம், கடைசிக் கால்பகுதி, அவர் ஒருத்தரே 11 புள்ளி போட்டார். அன்றைக்கு மொத்தம் 21. யோக்கிச்சும் ஜமால் மர்ரேயும் தேர் இழுத்தார்கள், சரி. கூட நின்று வடம் பிடித்த கைகளையும் சேர்த்துத்தான் அது நிலைக்கு வந்தது.

அவர் போனதற்கு யாரையும் திட்ட முடியாது. ஒரு வருடம் மட்டுமே அணியில் இருந்தவர் என்பதால், விதிப்படி டென்வர் அவருக்குக் கொடுக்கக்கூடியது பழைய சம்பளத்தைவிட 20 சதவீதம் அதிகம், அதாவது சுமார் 78 லட்சம் டாலர். இண்டியானா கொடுத்தது இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கிளம்பியிருப்பேன், நீங்களும்தான். என் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததில். அவர் இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தோம்? யாரையும் இல்லை. பொது மேலாளர் கால்வின் பூத், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஜூலியன் ஸ்ட்ராதர், ஜேலன் பிக்கெட், ஹன்டர் டைசன் என்று மூன்று பேரை எடுத்தார். ‘பசங்க வளர்வார்கள், மலிவான ஒப்பந்தம், அணி பல வருடம் நிற்கும்’ என்பது அவர் கணக்கு. காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் பயிற்சியாளர் மைக் மலோன் அந்தப் பசங்களை நம்பி ஆட்டத்தை ஒப்படைக்கிற ஆள் இல்லை. ஒருவர் வாங்கிப் போடுகிறார், இன்னொருவர் பயன்படுத்த மறுக்கிறார். நடுவில் யோக்கிச்சின் இரண்டு வருடம் போயிற்று.

2024 மே மாதம், மினசோட்டாவுக்கு எதிராகச் சொந்த ஊரில் ஏழாவது ஆட்டம். 20 புள்ளி முன்னிலையிலிருந்து தோற்றோம். டென்வர் எடுத்தது 90 புள்ளி. அதில் மர்ரே 35, யோக்கிச் 34. மற்ற எல்லாரும் சேர்ந்து 21. இதைவிடத் தெளிவாக ஒரு அணியின் நோயை எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது.

அதைப் பார்த்த பிறகும் அந்தக் கோடையில் என்ன செய்தார்கள்? கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை அனுப்பினார்கள். ஆர்லாண்டோ அவருக்கு மூன்று வருடத்துக்கு 6.6 கோடி கொடுத்தது. இந்த இடத்தில் நம் ரசிகர்களில் பாதிப் பேரோடு நான் முரண்படுகிறேன். அவரை விட்டது தவறு இல்லை. ஆர்லாண்டோவில் அவர் ஆட்டம் இறங்கியது, ஒரே வருடத்தில் மெம்பிஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் இடத்தில் ஆடிய கிறிஸ்டியன் பிரவுன் (எழுத்தில் வேறாக இருந்தாலும் உச்சரிப்பில் இவரும் பிரவுன்தான், குழப்பம் வேண்டாம், கிறிஸ்டியன் என்றே எழுதுகிறேன்) 15.4 புள்ளி சராசரியோடு பிரமாதமாக வளர்ந்தார். அந்த அளவில் பூத் சொன்னது பலித்தது.

பிரச்சினை, கிறிஸ்டியன் முதல் ஐவருக்குள் போனதும் அவர் பெஞ்சில் விட்டுப்போன இடம். அதற்கு வந்தவர்கள் குறைந்தபட்சச் சம்பளத்தில் வெஸ்ட்புரூக், அப்புறம் டாரியோ ஷாரிச். ரெஜி ஜாக்சனை அனுப்ப, டிராஃப்டில் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கூடவே கொடுத்தார்கள். சம்பளச் சுமையை எடுத்துக்கொள்ள சார்லட்டுக்கு நாம் கொடுத்த கூலி அது. ஷாரிச் சீசன் பாதிக்குள் ஆட்டத்திலிருந்தே காணாமல் போனார்.

அதே கோடையில் ஓக்லஹோமா சிட்டி என்ன செய்தது என்று பாருங்கள். ஏற்கெனவே 57 வெற்றி எடுத்த அணி. இருந்தும் ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கியது, ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனுக்கு மூன்று வருடம் 8.7 கோடி கொடுத்தது. இருவரும் நட்சத்திரங்கள் இல்லை. இந்த மே மாதம் அவர்களோடு நாம் ஆடிய ஏழாவது ஆட்டத்தில் யோக்கிச்சை மறித்து நின்றது யார்? அந்தக் கருசோதான். ஆறடி ஐந்து அங்குல ஆள், கிட்டத்தட்ட ஏழடி யோக்கிச்சின் முன்னால் நின்று பந்தே போகவிடாமல் பண்ணினார். 125-93. நம் முதல் ஐவரில் ஒருவரான ஏரன் கார்டன் தொடை தசைநார் கிழிந்த காலோடு அன்று ஆடினார். அவருக்குப் பதில் இறக்க நம்மிடம் வேறு ஆள் இல்லை. அந்தத் தோல்விக்கு அப்புறம் யோக்கிச்சே சொன்னார், நீளமான பெஞ்ச் உள்ள அணிகள்தான் ஜெயிக்கின்றன என்று. அவர் பேசுவதே அபூர்வம், அதிலும் நிர்வாகத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் இருந்தது. பெஞ்ச் நீளமாக இருந்த ஓக்லஹோமாவும் இண்டியானாவும்தான் இறுதிச் சுற்றில் மோதின.

மலோனையும் பூத்தையும் ஏப்ரல் 8ஆம் தேதி, சீசன் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது சேர்த்து அனுப்பியது தனிக் கதை. அது பற்றி எழுதி எழுதி ஓய்ந்துவிட்டோம்.

சரி, இந்த ஜூலைக்கு வருவோம். டேவிட் அடெல்மன் நிரந்தரப் பயிற்சியாளர். நிர்வாகத்தில் பூத்தின் இடத்துக்கு பென் டென்சரும் ஜான் வாலஸும். இருவரும் வந்த சூட்டோடு செய்த முதல் பெரிய வேலை மைக்கேல் போர்ட்டர் ஜூனியரையும் 2032 முதல் சுற்றுத் தேர்வையும் புரூக்ளினுக்குக் கொடுத்து கேமரன் ஜான்சனை வாங்கியது.

போர்ட்டரை இப்போது ஆளாளுக்கு ஏளனம் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று முதுகு அறுவை சிகிச்சைக்கு அப்புறம் எழுந்து வந்து, சாம்பியன் அணியின் முதல் ஐவரில் ஆடியவர். இந்த ஏப்ரலில் தோள்பட்டை போன பிறகும் கிளிப்பர்ஸ் தொடரிலும் அடுத்ததிலும் ஒரு கையோடுதான் ஆடினார். எண்கள் விழுந்தன, ஆள் ஓடி ஒளியவில்லை. அவரை அனுப்பியதற்குக் காரணம் சம்பளம். வரும் சீசனில் அவருக்கு 3.83 கோடி. ஜான்சனுக்கு அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். புதிய விதிகளில் அணியின் மொத்தச் சம்பளம் லீக் வைத்திருக்கும் இரண்டாவது வரம்பைத் தாண்டினால் வெறும் வரியோடு முடியாது. இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு ட்ரேட் (அணிகளுக்குள் ஆள் மாற்றுவது) செய்ய முடியாது, எதிர்காலத் தேர்வு உறைந்துபோகும், புது ஆளுக்குக் குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கவே முடியாது. அந்த நெருக்கடியில் மூன்றாவது ஆட்டக்காரருக்கு உச்சச் சம்பளம் கொடுக்கிற அணி பெஞ்சை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை ஜான்சன் நமக்கு இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். போன சீசனில் 18.8 புள்ளி, மூன்று புள்ளி எறிதலில் 39 சதவீதம். எறிவதில் போர்ட்டருக்கு இவர் மேலே இல்லை. ஆனால் பந்தைக் கீழே தட்டி இரண்டு அடி உள்ளே போய் அடுத்தவருக்குக் கொடுக்கத் தெரியும். எதிரணி யோக்கிச் மேல் இரட்டைக் காவல் போட்டுப் பந்தை வெளியே தள்ளும்போது, போர்ட்டரிடம் வந்தால் ஒன்று எறிவார், இல்லையென்றால் அங்கேயே ஆட்டம் நின்றுவிடும். ஜான்சனிடம் நிற்காது. குறை இல்லாமல் இல்லை. போர்ட்டரைவிட இரண்டு வயது மூத்தவர், போன சீசனில் ஆடியது 57 ஆட்டம்தான். ரீபவுண்டிலும் நாம் இழப்போம், போர்ட்டரின் உயரத்துக்கு ஈடில்லை.

2032 தேர்வைக் கொடுத்ததற்குத்தான் அதிகம் புலம்பல். எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டார்களாம். யோக்கிச்சுக்கு அப்போது 37 வயது. அவர் இல்லாத டென்வர் மோசமாக இருந்து, அந்தத் தேர்வு மேலே வந்து, புரூக்ளின் ஒரு நட்சத்திரத்தையே எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. டிராஃப்டில் 41ஆவது ஆளாக எடுத்தவர் மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆகி நிற்கிறார். இப்படி ஒன்று ஒரு ஊருக்கு இன்னொரு தடவை வாய்க்காது. இருக்கும்போது செலவழிக்காமல் 2032க்குச் சேர்த்து வைப்பது யாருக்காக?

அடுத்தது வலன்சியூனஸ். எனக்கு இதுதான் இந்தக் கோடையின் சிறந்த வேலை. சாக்ரமென்டோவுக்கு ஷாரிச்சைக் கொடுத்துவிட்டு இவரை வாங்கியிருக்கிறோம். செய்தியைப் படித்ததும் பெயர்களை இடம் மாற்றி ‘தப்பாக அடித்துவிட்டார்கள்’ என்றுதான் நினைத்தேன். நடுவில் ஏதென்ஸின் பனதினைக்கோஸ் அவரை இழுக்கப் பார்த்து ஜூலை முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்லவேளை, நிர்வாகம் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடம் யோக்கிச்சுக்கு மாற்றாக வந்தவர்கள் எல்லாம் வயதான பெரிய மனிதர்கள் அல்லது குட்டையான சமாளிப்புகள். இவர் உண்மையான சென்டர். தடுப்பாட்டத்தில் மெதுவாக இருப்பார், வேகமான கார்டுகள் (பந்தைக் கொண்டுபோகிற ஆட்டக்காரர்கள்) சுற்றிப் போவார்கள். பரவாயில்லை. கூடைக்குக் கீழே இடம் பிடிப்பார், ரீபவுண்ட் எடுப்பார், யோக்கிச் இல்லாதபோதும் ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கும். டொராண்டோவில் ஏழு சீசன் உழைத்தவரை 2019 பிப்ரவரியில் மார்க் கசோலுக்காக மாற்றினார்கள், நாலு மாதத்தில் அந்த அணி கோப்பை வென்றது. இந்த ஆளுக்கு ஒரு மோதிரம் பாக்கி இருக்கிறது.

ஹார்டவே ஜூனியரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. குறைந்தபட்சச் சம்பளம், தயங்காமல் எறிவார், சில நாள் கோபம் வரவைப்பார். பெஞ்சிலிருந்து எறிய ஆளில்லாமல் தவித்த அணிக்கு அதுவே போதும்.

புரூஸ் பிரவுனும் குறைந்தபட்சச் சம்பளம்தான். இண்டியானா, டொராண்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிவிட்டு, நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டு வருகிறார். 2023இல் பார்த்த அதே பிரவுன் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் முக்கால்வாசி வந்தால் போதும். ஆனால் யோக்கிச்சோடு எப்படி ஆடுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எப்போது வெட்டி உள்ளே ஓடினால் பந்து வரும் என்று தெரிந்தவர். அந்தப் பசங்களுக்கு இரண்டு வருடமாகியும் பிடிபடாத விஷயம் அது.

இப்போது முதலாளி விஷயம். நகெட்ஸை வைத்திருக்கும் க்ரோங்கி குடும்பம்தான் லண்டனில் அர்செனல் கால்பந்து அணியையும் வைத்திருக்கிறது. இதே கோடையில் அங்கே ஸுபிமெண்டி, கியோக்கெரஸ் என்று வாரி இறைத்தார்கள். என் அர்செனல் நண்பர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். நான் போய் ‘எங்கள் பணமும் அதில் இருக்கிறதா’ என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் போர்ட்டரை மாற்றி மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம் வலன்சியூனஸுக்குப் போயிற்று, மீதி எங்கே போயிற்று என்று கேட்கிற உரிமை ரசிகனுக்கு உண்டு.

ஏனென்றால் ஒரு இடம் இன்னும் காலி. மர்ரேக்கு மாற்றாகப் பந்தைக் கொண்டுபோக நம்பிக்கையான ஆள் இல்லை. இருப்பதா போவதா என்று தானே முடிவு செய்யக்கூடிய விருப்ப வருடத்தை வெஸ்ட்புரூக் மறுத்துவிட்டுப் போனார், அவரைத் திரும்ப அழைக்கவில்லை. அவர் எனக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றியவர்தான், ஆனாலும் அவர் ஜெயித்துக் கொடுத்த ஆட்டங்களும் இருக்கின்றன. இப்போது பிக்கெட்டும் பிரவுனும் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். மர்ரே ஒவ்வொரு வருடமும் சில வாரம் காயத்தில் உட்காருகிறவர். ஜனவரியில் அது நடக்கும்போது, கெவின் டூரன்டை வாங்கிய ஹூஸ்டனோடும் லூகாவை வைத்திருக்கும் லேக்கர்ஸோடும் பிக்கெட்டை வைத்து ஆடுவோமா? ட்ரேட் கெடு 2026 பிப்ரவரியில் வருகிறது. அதற்குள் ஒரு கார்டு வாங்க வேண்டும். வாங்கக் கொடுக்க நம்மிடம் தேர்வுகளும் அதிகம் இல்லை, 2027ம் 2029ம் நிபந்தனைகளோடு ஓக்லஹோமாவிடமே இருக்கின்றன.

அப்புறம் கிறிஸ்டியன், பெய்ட்டன் வாட்சன் இருவருடைய ஒப்பந்த நீட்டிப்புக்கும் 2025 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. கிறிஸ்டியனுக்குக் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். வாட்சன் விஷயத்தில் நான் ஒரு சீசன் பொறுத்துப் பார்ப்பேன், தடுப்பாட்டம் அபாரம், எறிதல் இன்னும் வரவில்லை. கமென்டில் வந்து சண்டை போடுகிறவர்கள் வரலாம், ஆனால் போர்ட்டரைத் திட்டுகிற கமென்டை மட்டும் அழித்துவிடுவேன்.