சுரண்டி விட்டால் கரு ஒட்டுமா?

போன வாரம் காங்கேயத்திலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். கோயம்புத்தூரில் ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) பார்க்கிறார்கள், இதுதான் முதல் முறை. "அத்தை, கருவை வைக்கறதுக்கு முந்தின மாசம் கர்ப்பப்பையை ஒருக்கா சுரண்டி உட்டா நல்லா ஒட்டும்ங்கறாங்க. செஞ்சுக்கலாங்களா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. 2016-ல் எதையும் கேட்காமல் தலையாட்டியவள் நான். முதல் முறை வைத்த கரு நிற்கவில்லை. இரண்டாவது முறைக்கு முன்னால், மாதவிலக்கான 21-ஆம் நாள் வரச் சொன்னார்கள். பிப்பெல் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய், இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா போல இருக்கும். அதைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு உட்சவ்வை உரசுவார்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அன்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருந்துறைக்கு பஸ்ஸில் நின்றபடியே வந்ததை நான் மறக்கவில்லை. பில்லில் அதற்குத் தனியாக ஆறாயிரம். ஏலச்சீட்டு எடுத்த பணம். அந்த முறையும் கரு நிற்கவில்லை.

ஏன் செய்கிறார்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்ன விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது. "கொத்தி உட்ட காட்டுல வெதை சீக்கிரம் வேர் புடிக்குமல்லங்க, அது மாதிரி." காட்டு வேலை பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் கேள்வியே எழவில்லை. மருத்துவர்கள் நினைத்ததும் கிட்டத்தட்ட அதுதான்: சின்னக் காயம் ஆறும்போது அந்த இடத்தில் சுரக்கும் பொருட்கள் கரு பதிய உதவும் என்று. 2003-ல் இஸ்ரேலில் 134 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சுரண்டியவர்களில் கரு தரித்தது இரண்டு மடங்கு என்று வந்தது. சின்ன ஆய்வு. ஆனால் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அப்புறம்தான் பெரிய ஆய்வுகள் வந்தன. நியூசிலாந்து ஆய்வாளர்கள் முன்னின்று 5 நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சுரண்டியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம். சுரண்டாதவர்களிலும் அதே 26.1. முதல் முறை ஐவிஎஃப் செய்யும் 1,048 பேரிடம் பிரிட்டனில் பார்த்தார்கள்: சுரண்டியவர்களில் 38.6 சதவீதம், சுரண்டாதவர்களில் 37.1. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என்னைப் போல ஒரு முறை தோற்றவர்களிடம் நெதர்லாந்தில் பார்த்தபோது 23.7-க்கு 19.2 என்று கொஞ்சம் இடைவெளி வந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுதான். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, சிறு பயன் இருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு முறை தோற்றவர்கள் விஷயத்தில் கதவு முழுசாக மூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய கருவியல் மருத்துவர் சங்கமே 2023-ல் சொல்லியிருக்கிறது. முதல் முறை போகிற பெண்ணுக்கு எதற்கு இந்த வலியும் செலவும்?

2016-ல் எனக்குச் செய்த டாக்டர் மேல் கோபமில்லை. அன்று அவருக்கும் இந்தப் பதில்கள் கையில் இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் பட்டியலில் ஒரு வரியாக இதைச் சேர்த்து, "செஞ்சுட்டா நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. சொல்லிவிட்டு கரு நிற்காமல் போனால், "அதையும் செஞ்சிருக்கலாமல்ல" என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். வீட்டில் யாரும் சொல்லாவிட்டாலும் நாமே ராத்திரியில் நமக்குச் சொல்லிக்கொள்வோம். ஆறாயிரம் கொடுப்பது கருவுக்காக மட்டுமில்லை, அந்தப் பேச்சுக்குப் பயந்தும்தான்.

அண்ணன் மகளிடம் சொன்னேன்: "கண்ணு, சண்டை போட வேண்டாம். எனக்கு எதுக்குங்க இது, செஞ்சா எவ்வளவு கூடும், செய்யாட்டி எவ்வளவு கொறையும், அத மட்டும் கேளு சாமி."

வியாழக்கிழமை போய்க் கேட்டிருக்கிறாள். "வேண்டாம்னா உட்டுடலாங்க, கட்டாயமெல்லாம் இல்லை" என்றாராம் டாக்டர். கேட்ட ஒரு நிமிடத்தில் பில்லிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவளுக்குக் கருவை வைக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.